கட்டம், வட்டம், முக்கோணம்: கடைக்காரர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. கடைகளுக்கு லோகோவும் பெயர்ப்பலகையும் செய்கிறோம், சுவரில் வரைகிறோம், கடையின் உட்புறத்தையும் அமைத்துத் தருகிறோம். மூன்றிலும் கை ஒன்றுதான். பெரிய வடிவம், அழுத்தமான நிறம், கூர்மையான ஓரம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். மசாலை மில் வைத்திருப்பவர், துணிக்கடைக்காரர், வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர், டியூஷன் நிலையம் தொடங்கும் ஆசிரியை. கேள்விகள் படி ஏறும்போதே தொடங்கிவிடும். படியோ செங்குத்தானது. ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்பதற்கும் சொல்வதற்கும் பதிலாக எழுதிவைத்துவிட்டோம்.

எதைச் செய்தாலும் கட்டமும் வட்டமுமாகவே போடுகிறீர்களே, ஏன்?

சனிக்கிழமை மாலை மார்க்கெட் ஸ்திரீட் முனையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் வடைச் சட்டி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பலகைக்கு மேல் பலகை. அந்த நெரிசலில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் உங்கள் கடையைப் பார்ப்பது ஒரு கணம். அந்த ஒரு கணத்தில் அவர் எழுத்தைப் படிக்கமாட்டார். சிவப்பு அரைவட்டத்தின் மேல் மஞ்சள் சதுரம் என்றால், அது மட்டும் மனத்தில் தங்கும். அடுத்த வாரம் "அந்த அரைவட்டக் கடை" என்று யாரிடமாவது சொல்வார்.

இன்னொரு காரணம் சுத்தமான கணக்கு. உங்கள் லோகோ இருபது அடிச் சுவரிலும் வர வேண்டும், பில் புத்தகத்தில் குத்தும் ரப்பர் முத்திரையிலும் வர வேண்டும், வேலையாட்களின் சட்டைப் பையில் நூலாலும் வர வேண்டும். மயிர்க்கோடுகளும் நிழல் சாயல்களும் முத்திரையில் கறையாகிவிடும், நூலில் முடிச்சாகிவிடும். வட்டம் எங்கே போனாலும் வட்டம்தான்.

கொம்தாரைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் லிம் சோங் கீட் வடிவமைத்து 1986இல் முடிந்த அந்தக் கோபுரத்துக்குப் பன்னிரண்டு பக்கம். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஏறக்குறைய அதே முகம்தான் தெரியும். அதன் அடியில் இருக்கும் டேவான் துங்கு மண்டபம் முக்கோணங்களைக் கோத்துக் கட்டிய குவிமாடம். அழகா என்று கேட்டால் பினாங்கில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஆனால் ஊருக்குப் புதியவர் வழி கேட்டால், "கொம்தார் உங்களுக்கு எந்தப் பக்கம் தெரிகிறது?" என்றுதான் நாம் எல்லோரும் ஆரம்பிக்கிறோம்.

இது வெள்ளைக்காரர் பாணிதானே? நம்முடையது என்று எப்படிச் சொல்வது?

பாதி உண்மை. ஜெர்மனியில் 1919இல் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் பள்ளியை எந்த வடிவமைப்பாளரும் தாண்டிப் போக முடியாது. அங்கே பாடம் நடத்திய ஓவியர் கண்டின்ஸ்கி 1923இல் ஒரு வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டார். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் முக்கோணம், சதுரம், வட்டத்தோடு பொருத்தச் சொல்லிக் கேட்டார். மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம் என்பது அவருடைய விடை. எங்களிடம் வரும் துணிக்கடைக்கார அம்மா ஒருவரிடம் விளையாட்டாக அதே கேள்வியைக் கேட்டேன். சற்றும் யோசிக்காமல் "வட்டம் சிவப்பு" என்று தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார். கண்டின்ஸ்கிக்கு அங்கே தோல்வி.

மற்ற பாதிக்கு நம் ஊரே சாட்சி. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை வடிவமைத்த சீசர் பெல்லி அர்ஜென்டினாவில் பிறந்தவர். அதன் தரைப்படமோ இரண்டு சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்று திருப்பி வைத்த எட்டுமுனை நட்சத்திரம். இஸ்லாமியக் கலையிலிருந்து எடுத்தது. முனைகளுக்கு நடுவில் சிறு வளைவுகளைச் சேர்த்து இடத்தைக் கூட்டியிருக்கிறார். அதே நட்சத்திரத்தை நம் பாட்டிமார் மார்கழியில் குனிந்தபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர்களின் சொங்கெட் என்னும் சரிகைத் துணியின் தலைப்பகுதியில் வரிசையாக நிற்கும் மூங்கில் குருத்து முக்கோணமும், பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் பதித்த சிமெண்ட் ஓட்டின் பூக்கட்டமும் இந்தக் குடும்பம்தான். எங்கள் படங்களை வெளிநாட்டுப் புத்தகத்தில் தேடுகிறவர்கள் முதலில் காலடியில் இருக்கும் ஓட்டைப் பார்க்கலாம்.

அப்படியென்றால் ஒரு கோலத்தையே சுவரில் பெரிதாகப் போட்டுவிடலாமே?

போடலாம். போட்டிருக்கிறோம். அதில் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மசாலை மில்லின் உள்சுவருக்கு ஊடுபுள்ளிக் கோலத்தை எடுத்துக்கொண்டோம். நடு வரிசையில் 7 புள்ளி, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37. அறுகோணமாக உட்காரும். கோடு எதுவும் இல்லாமல் புள்ளிகளை மட்டும் உள்ளங்கை அகல வட்டங்களாக்கினோம். மிளகு, மஞ்சள், மல்லி, மிளகாய் வற்றல் என்று நான்கு நிறம் கொடுத்தோம். மில்லுக்குப் பொருத்தமாக இருந்தது. முதலாளி தோளைத் தட்டினார். சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தாயார் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசாமல் சுட்டுவிரலைச் சுவரை நோக்கி அசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏம்மா, ஒன்று குறைகிறதே" என்றார்.

குறைந்துதான் இருந்தது. வலது மேல் மூலையில் இருந்த புள்ளி ஏர்கானுக்குப் பின்னால் போய்விட்டது. கணினித் திரையில் அந்த ஏர்கானே இல்லை. நாங்கள் அளவெடுத்துப் போன பிறகு மாட்டியிருக்கிறார்கள். "யாருக்குத் தெரியப் போகிறது?" என்று மகன் சொன்னார். "எனக்குத் தெரியும்" என்றார் தாயார். மறுவாரம் ஏர்கான் ஒரு முழம் நகர்ந்தது. செலவு யாருடையது என்பதில் மட்டும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

அன்றிலிருந்து வரைவதற்கு முதல் நாள் ஒருமுறை சுவரை மறுபடியும் அளக்கிறோம். கோலம் கேட்கிறவர்களிடம், வீட்டில் கோலம் போடுகிறவர் யார் என்று விசாரித்து, அவரிடம் படத்தைக் காட்டிவிட்டுத்தான் சுவரில் கை வைக்கிறோம்.

லட்சுமி படம், குத்துவிளக்கு, மயில் எல்லாம் லோகோவில் வேண்டும். செய்வீர்களா?

குத்துவிளக்கைச் செய்வோம். அது ஏற்கனவே வட்டமும் முக்கோணமும் அடுக்கியதுதான். மயிலென்றால் தோகையில் ஒரே ஒரு கண்ணை எடுத்துக்கொள்வோம். சாமி படத்தை லோகோவாக்க மாட்டோம். லோகோ பிளாஸ்டிக் பையில் அச்சாகும், பை குப்பைக்குப் போகும். இதைச் சொன்னதும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

ராசிக்கு ஆகாத நிறம் என்று சில இருக்கின்றன.

முதல் நாளே சொல்லிவிடுங்கள். பலகை ஏறிய பிறகு வேண்டாம்.

தமிழ் எழுத்து இந்த வடிவங்களோடு ஒட்டுமா? ஆங்கிலம்தான் எடுப்பாக இருக்கும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

பிள்ளைகளை ஒருநாள் அழைத்து வாருங்கள். ட என்ற எழுத்தை எழுதிக் காட்டுகிறோம். அதை மூலைமட்டம் வைத்தே வரைந்துவிடலாம். ப மூன்று பக்கம் அடைத்த பெட்டி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி சுத்தமான வட்டம். 'பட்டு' என்ற சொல் ஒரு வடிவமைப்பாளருக்குக் கிடைத்த வரம்.

சிக்கல் வேறு எழுத்துகளில் இருக்கிறது. ண, ஞ, ஐ போன்றவற்றில் சுழிகள் நெருக்கமாக வருகின்றன. ஆங்கில எழுத்துக்குக் கொடுக்கும் அதே தடிமனை அவற்றுக்கும் கொடுத்தால் சுழி அடைபட்டு, தூரத்திலிருந்து கறுப்புக் கட்டியாகத் தெரியும். அதனால் தமிழுக்குத் தடிமனைக் கொஞ்சம் குறைத்து அகலத்தைக் கூட்டுகிறோம். இன்னொன்று, தமிழ் மேலும் கீழும் இடம் கேட்கும். கீ மேலே வளையும், கூ கீழே இறங்கும். பலகையில் ஆங்கிலத்துக்கு அளந்த பட்டைக்குள் தமிழை அமுக்கினால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும். ஊரில் பாதிப் பலகைகளில் தமிழ் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அச்சகத்தின் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கொம்பு இடம் மாறும், கால் தனியே நிற்கும், புள்ளி காணாமல் போகும். 'கொ' எழுத வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அச்சடிக்கிறவருக்கு அது வெறும் படம். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. எழுத்துகளை முழுவதும் வரைகோடுகளாக மாற்றிய பிறகே கோப்பை அச்சகத்துக்கு அனுப்புகிறோம். அதற்குப் பிறகு எந்தக் கணினியிலும் உடையாது. எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் உடையாது என்பதால், அனுப்பும் முன் வெளியாள் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம்.

கணினியில் தமிழ் என்றால் இந்த நாட்டுக்குத் தலைநிமிரக் காரணம் இருக்கிறது. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியது 1985இல், இங்கே மலேசியாவில். ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவும் அவருடையது. தமிழில் எடுப்பாக வராது என்று சொல்லும் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது.

பலகையில் தமிழைத்தான் பெரிதாகப் போட வேண்டும். முடியுமா?

வெளிப்பலகையில் முடியாது. தேசிய மொழி முதலிடத்தில் இருக்க வேண்டும், மற்ற மொழிகளைவிடப் பெரிதாகவும் எடுப்பாகவும் இருக்க வேண்டும். மலாய்ச் சொற்களை, மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பகாசா டான் புஸ்தாகா பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் ஊராட்சியின் விளம்பர உரிமம். பினாங்குத் தீவில் மாநகர் மன்றம், கோலாலம்பூரில் அங்குள்ள மாநகர் மன்றம். உரிமம் இல்லாமல் மாட்டிவிட்டு, கழற்றச் சொன்ன பிறகு எங்களிடம் ஓடி வருகிறவர்கள் உண்டு. அப்போது எங்களால் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

விதி கட்டுப்படுத்துவது எழுத்தின் அளவை. அதற்குள் செய்ய எவ்வளவோ இருக்கிறது. மலாய் எழுத்து பெரிதாக இருக்கட்டும். பலகையின் வடிவத்தை ப எழுத்தின் பெட்டியிலிருந்து எடுக்கலாம். கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் தமிழை ஆள் உயரத்துக்கு நிறுத்தலாம். அதைச் செய்த கடைகளில் வாடிக்கையாளர்கள் படம் எடுத்துக்கொள்வது உள்ளே இருக்கும் எழுத்தோடுதான்.

கடைவீடு என்னுடையது. வெளிச்சுவரில் நான் விரும்பியதை வரையலாமா?

எந்தத் தெரு என்பதைப் பொறுத்தது. ஜார்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றியுள்ள காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். லிட்டில் இந்தியாவும் ராணி தெரு மாரியம்மன் கோவிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மையப் பகுதிக்குள் இருக்கின்றன. அங்கே முகப்பை மாற்றுவது, பலகை வைப்பது, சுவரோவியம் வரைவது எதுவானாலும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். வாடகைக்கு இருப்பவர் என்றால் உரிமையாளரின் கடிதமும் வேண்டும். வரைபடத்தையும் நிற அட்டையையும் நாங்கள் தயாரித்துத் தருகிறோம். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது.

அனுமதி கிடைக்கும் என்றாலும் சில சுவர்களில் நாங்களே வரைய மறுப்போம். கல்லைப் போலத் தெரியும் ஷாங்காய்ப் பூச்சு அதில் ஒன்று. அதன்மேல் பெயிண்ட் அடிப்பது, பட்டுச் சேலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் போன்றது. உரித்தாலும் பழையபடி ஆகாது.

பழைய சுவர்தான். நல்ல பெயிண்டாக வாங்கி அடித்தால் நிற்காதா?

நிற்காது. இதை நாங்கள் எங்கள் காசில் கற்றுக்கொண்டோம்.

தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. ஒரு காப்பிக் கடையின் பக்கச் சுவர். கடையில் கிடைத்ததிலேயே விலை உயர்ந்த அக்ரிலிக் பெயிண்டை வாங்கி, ஆரஞ்சும் கடல்நீலமும் பட்டை பட்டையாக அடித்தோம். முதல் மாதம் கண்ணாடியாக மின்னியது. எட்டாம் மாதம் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு, தோசைக் கல்லில் ஓரம் எழும்புவதைப் போலச் சுவரை விட்டு எழும்பிவிட்டது. விரலால் தொட்டால் உள்ளே ஈரம். பின்பக்கம் வெள்ளைப் பொடியாக உப்பு.

இந்தக் கடைவீடுகளில் செங்கல்லின் மேல் பூசியிருப்பது சுண்ணாம்புச் சாந்து. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு இல்லாததால் நிலத்து நீர் செங்கல் வழியே மேலே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அதை உள்ளே வைத்துக்கொள்ளாமல் வெளியே ஆவியாக விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் படலம் போல ஒன்றைப் போர்த்தினால் நீருக்குப் போக்கிடம் இல்லை. கரைந்து வந்த உப்பு படலத்தின் பின்னால் படிகமாகி, பூச்சையே பெயர்த்துத் தள்ளும். பெயிண்ட் எவ்வளவு உசத்தியோ, உரிவதும் அவ்வளவு பெரிய துண்டாக இருக்கும்.

அதனால் இப்போது பழைய சுவருக்கு இரண்டே வழி. ஒன்று, நிறம் கலந்த சுண்ணாம்புக் கரைசலை மெல்லியதாகப் பல தடவை அடிப்பது. லெய்த் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ட்சே மாளிகையின் நீலம் இந்த வழியில் வந்ததுதான். சுண்ணாம்பில் அவுரி கலந்தது. இதில் எல்லா நிறமும் நிற்காது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் காவி, மஞ்சள் மண், கறுப்பு, சில பச்சை, சில நீலம். பளிச்சென்ற இளஞ்சிவப்பு கேட்டால் கையை விரித்துவிடுவோம். இரண்டாவது, ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கெய்ம் 1878இல் காப்புரிமை பெற்ற சிலிகேட் பெயிண்ட் வகை. இது மேலே படலமாக நிற்காமல் பூச்சோடு சேர்ந்து இறுகும், ஈரத்தையும் வெளியே விடும். ஆனால் ஏற்கனவே அக்ரிலிக் அடித்த சுவரில் பிடிக்காது. பழையதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அந்தச் சுரண்டலுக்கான கூலி சில நேரம் ஓவியத்தின் கூலியைவிட அதிகமாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

புதிய சிமெண்ட் பூச்சு என்றால் தொல்லை குறைவு. நான்கு வாரம் உலர விடுங்கள். "நாளை மறுநாள் கடை திறப்பு" என்று சொல்லி ஈரச் சுவரைக் காட்டாதீர்கள்.

எத்தனை ஆண்டு நிறம் மங்காமல் இருக்கும்?

சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் பதில். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. மிகவும் அடி வாங்குவது மேற்குச் சுவர். மதியம் முழுதும் வெந்துவிட்டு மாலை மழையில் நனையும்.

நிறத்தைப் பொறுத்தும் மாறும். பளீர் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் முதலில் வெளிறும். காவி அசையாது, ஏனென்றால் அது இரும்புத் துரு. மேலும் துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. கோவில் மதில்களில் காவிப் பட்டை பட்டையாக இருப்பதை வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். சிக்கனமும் அதில் சேர்ந்திருக்கிறது.

என் சுவர் கோணல். நேர்கோடு எப்படி வரும்?

ஜார்ஜ்டவுனில் கோணல் இல்லாத சுவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் பெயிண்டர் அண்ணனுக்குக் கொத்தனார் குடும்பம். லேசர் மட்டம் வாங்கிக் கொடுத்த பிறகும் அவர் பையில் ரசமட்டம், தூக்குக் குண்டு, தண்ணீர் நிரப்பும் நீளமான பிளாஸ்டிக் குழாய் மூன்றும் இருக்கும். குழாயின் இரு முனையையும் சுவரின் இரு கோடியில் பிடித்தால் நீர் நிற்கும் இடம் ஒரே உயரம். நாற்பதடிச் சுவரில் அதற்கு இணையாக வேறொன்றும் இல்லை என்பார். பிறகு சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இழுத்துக் கட்டி நடுவில் சுண்டுவார். பட்டென்று ஒரு கோடு விழும்.

இனிமேல்தான் வேலை. மட்டத்தின்படி சரியான கோடு கண்ணுக்குச் சரியாக இருக்காது. மேலே இருக்கும் உத்திரம் இடப்பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தால், நேர்கோடுதான் சரிந்ததாகத் தெரியும். உத்திரத்தை நம்புவதா ரசமட்டத்தை நம்புவதா? பாதிப் பாதி. கோட்டை ஒரு விரல் சாய்த்துவிடுவோம். தெருவில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டுமே நேராகத் தெரியும். அளந்து பார்த்தால் இரண்டும் தவறு.

வட்டமும் அப்படித்தான். ஆணியடித்து நூல் கட்டிச் சுற்றினால் நூல் இழுபடும், சேரும் இடத்தில் முனை பிசகும். மெல்லிய மரச்சட்டத்தின் நுனியில் பென்சில் செருகிச் சுற்றுகிறோம். மாடி உயரத்தில் வரும் வட்டத்தைச் சற்று மேல்நோக்கி இழுத்து வரைய வேண்டும், கீழிருந்து பார்த்தால் அமுங்கித் தெரியும் என்பதால். சதுரமும் வட்டமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். ஒரே அளவில் போட்டால் வட்டம் சிறுத்துத் தெரியும்.

கூர்மையான ஓரத்துக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். டேப் ஒட்டியதும் புது நிறத்தை அடிக்காதீர்கள். அடியில் இருக்கும் அதே பழைய நிறத்தை டேப்பின் ஓரத்தில் ஒருமுறை இழுங்கள். டேப்பின் அடியில் கசிய வேண்டியது அதுவாகவே கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். காய்ந்ததும் புது நிறம். அது முழுதாகக் காயும் முன் டேப்பை மெதுவாகச் சாய்த்து உரியுங்கள்.

கடை சின்னது. இத்தனை நிறம் அடித்தால் இன்னும் குறுகாதா?

கடைவீடு சின்னது இல்லை, ஒல்லியானது. அகலம் இருபது அடி, நீளம் நூறடிக்கு மேல் என்பது சாதாரணம். ஆகவே எல்லாச் சுவரிலும் வெள்ளையடித்தால் நீளக் குழாய்க்குள் நுழைந்தது போல் இருக்கும். நாங்கள் பக்கச் சுவர்களை வெளிர் நிறத்தில் விட்டுவிட்டு, கடைசிச் சுவரில் அழுத்தமான ஒரு பெரிய வடிவத்தை வைக்கிறோம். கோடியில் இருக்கும் அந்தச் சுவர் முன்னால் வந்து நிற்கும். நடுவில் வானவெளி முற்றம் இருந்தால் அதைச் சுற்றிய நிறத்தைத் தொடவே வேண்டாம். வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். வாழை இலையின் பச்சைக்குப் போட்டியாகச் சுவரில் பச்சை அடிக்காதீர்கள், இலை வாடியதாகத் தெரியும். நீலம் கலந்த குளிர்ந்த விளக்கின் கீழ் மீன் குழம்பு சாம்பல் நிறமாகிவிடும். நிறத்தை உண்மையாகக் காட்டும் திறன் 90க்கு மேல் இருக்கும் விளக்காகக் கேட்டு வாங்குங்கள். பெட்டியிலேயே எண் அச்சிட்டிருக்கும். சுவருக்கு எங்களிடம் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் விளக்குக்குப் போனால் எங்களுக்கு வருத்தமில்லை.

ஆர்மேனியன் தெருவைப் போல, ஆட்கள் வந்து படம் எடுக்கிற மாதிரி ஒன்று வேண்டும்.

வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார். 2012இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக, லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்கரேவிச் அந்தத் தெருவில் இரண்டு குழந்தைகளை வரைந்து, உண்மையான சைக்கிளைச் சுவரில் பொருத்தினார். அதன் முன்னால் இன்றும் வரிசை நிற்கிறது. அது அந்தச் சுவரின் வெடிப்பையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் பார்த்து வரைந்தது. அதைப் பார்த்து வரைந்தவை, ஊர் முழுக்க, இறக்கை வரைந்த சுவர்களாகவும் ஊஞ்சல் தொங்கும் சுவர்களாகவும் முடிந்தன. உங்கள் கடைக்கு முன்னால் படம் எடுத்துவிட்டு உள்ளே வராமல் போகிறவர்களால் உங்களுக்கு என்ன லாபம்? நடைபாதை அடைபடுவதுதான் மிச்சம்.

கோவில் வேலை எடுப்பீர்களா?

அன்னதான மண்டபம், அலுவலகம், விழா அழைப்பிதழ் என்றால் மகிழ்ச்சியாக. கோபுரமும் சன்னிதியும் ஸ்தபதிகளின் வேலை.

பத்துமலையை உதாரணம் காட்டிக் கேட்பார்கள். 42.7 மீட்டர் முருகன் சிலைக்குப் பின்னால் ஏறும் 272 படிகளுக்கும் 2018 ஆகஸ்டில் குடமுழுக்கையொட்டி வானவில் நிறங்கள் அடித்தார்கள். மரபுடைமைத் துறையின் அனுமதி பெறவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. படிகள் உலகப் புகழும் பெற்றன. எனக்கு அந்த நிறங்கள் பிடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சரிகை மடித்து வைத்ததைப் போல இருக்கிறது. ஆனாலும் அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் நாங்கள் தூரிகையை எடுக்க மாட்டோம்.

லோகோ மூன்று நாளில் கிடைக்குமா?

கிடைக்காது.

விலை எப்படி?

சுவர் என்றால் சதுர அடிக் கணக்கு. அதோடு சாரம், சுவரைத் தயார் செய்யும் கூலி, நிறங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு கூடுதல் நிறமும் ஒரு முறை டேப் ஒட்டி ஒரு முறை காயவைப்பது. ஆக நான்கு நிறச் சுவரைவிட ஒன்பது நிறச் சுவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நாளாகும். மூன்று நிறத்தில் முடித்துக்கொள்ளச் சொல்லி நாங்களே வற்புறுத்துவோம், காசுக்காக மட்டுமில்லை. லோகோவுக்கு ஒரே விலை. இரண்டு முறை திருத்தம் உள்ளடக்கம். "சின்னதாக ஒரு வட்டம்தானே" என்பதற்குத் தள்ளுபடி இல்லை. பாதிப் பணம் முன்பணம், மீதி வேலை முடிந்த அன்று.

வரைந்து கொடுத்த பிறகு அது யாருக்குச் சொந்தம்?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து ஒருவரை வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்குப் போகும். எங்கள் ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருக்கிறோம். படைத்தவர் என்ற பெயர் மட்டும் எங்களுடையது.

வணிகச் சின்னம் வேறு விஷயம். அதை நீங்கள் தனியாகப் பதிய வேண்டும். 2019ஆம் ஆண்டின் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 27இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். நிறத்தையும் ஒலியையும்கூடப் பதிய இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. வெறும் வட்டத்தை மட்டும் கொண்டுபோய்ப் பதியக் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வட்டம் எல்லோருக்கும் பொது. அதை எதோடு எப்படிச் சேர்த்தீர்கள் என்பதுதான் உங்களுடையது.

சில வருடம் கழித்து நாங்களே மறுபடியும் அடித்துக்கொள்ளலாமா, உங்களைத்தான் கூப்பிட வேண்டுமா?

நீங்களே அடிக்கலாம். முகம் வரைந்த சுவர் மங்கினால் வரைந்தவரே வர வேண்டும். எங்கள் சுவருக்கு டேப் ஒட்டத் தெரிந்த எவரும் போதும். வேலை முடிந்த அன்று ஓர் அட்டை தருகிறோம். அதில் ஒவ்வொரு நிறத்தின் குறியீட்டு எண், பெயிண்ட் வகை, தரையிலிருந்து ஒவ்வொரு கோட்டின் உயரம், வட்டங்களின் மையம் இருக்கும் இடம் எல்லாம் எழுதியிருக்கும். ஒரு லிட்டர் ஒரு தடவைக்கு ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டருக்கு வரும் என்பதால் எத்தனை டின் வேண்டும் என்பதையும் குறித்திருப்போம்.

அந்த அட்டை தொலையும் என்று எங்களுக்குத் தெரியும். எல்லோரும் தொலைத்துவிட்டார்கள். அதனால் அதன் நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உங்கள் கடையின் மின்சாரப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்திருக்கிறோம். திறந்து பாருங்கள்.